எட்வினின் டிரம்

"அண்ணனோட டிரம்மும் ரெக்கார்டிங் ரூம்ல இருக்கட்டும் மிஸ்," என்றான் ஜெபசீலன்.

"எதுக்கு? வாசிக்க ஆள் இல்லையே," என்றாள் ஹில்டா.

"சும்மா இருக்கட்டும்."

ஹில்டா பியானோ வாசிப்பவள். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெபசீலனுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்தவள். வயதில் அவன்தான் மூத்தவன். ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவான்.

அவன் அண்ணன் எட்வின்தான் குழுவின் டிரம்மர். போன மாதம் ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று கிட்டார் வாசிக்கும் வஹாப் சொன்னதும், ஜெபசீலன் எழுந்து வெளியே போய்விட்டான். அதனால் பதிவு செய்யவிருந்த ஆல்பத்தை மூன்று பேரே வாசிப்பதென்று முடிவானது.

ஒலிப்பதிவு அறையின் மூலையில் டிரம் செட்டை ஜெபசீலனே பூட்டி நிறுத்தினான். ஸ்டூலைக்கூட அண்ணன் உட்காரும் உயரத்துக்கு இறக்கி வைத்தான்.

மெதுவான பாட்டு. அடுத்தவர் மூச்சு கேட்கிற அளவுக்கு அடக்கி வாசித்தார்கள்.

நடுவே மூலையிலிருந்து சன்னமாக ஓர் இரைச்சல்.

வஹாப் நிறுத்தினான். "எங்கேயோ இரையுது."

ஜெபசீலனின் முகம் நனைந்திருந்தது. "அண்ணன் வாசிக்கிறாரு மிஸ்."

ஹில்டா எழுந்து மூலைக்குப் போனாள். சின்ன டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் ஓடும். அவற்றின் பக்கம் குனிந்தாள்.

"உங்க பேஸ்ல அந்தக் கீழ் சுரத்தைத் தட்டுங்க."

தட்டினான். கம்பிகள் அதிர்ந்து இரைந்தன.

"நிறுத்துங்க."

தந்தியைக் கையால் அமுக்கினான். இரைச்சலும் நின்றது.

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மிஸ்." அவன் தலை நிமிரவில்லை. "எத்தனை வருஷமா கேக்குறேன், தெரியாம இருக்குமா? இருந்தாலும் விட்டுடுங்களேன்."

ஹில்டா டிரம்மின் பக்கவாட்டிலிருந்த விசையைத் தட்டிவிட்டாள். கம்பிகள் தோலைவிட்டு விலகின.

திரும்பி வந்து பியானோ முன் உட்கார்ந்தாள்.

ஜெபசீலன் அதே சுரத்தைத் தட்டினான். காத்திருந்தான். மறுபடி பலமாகத் தட்டினான்.

"ஒண்ணுமே இல்ல மிஸ்."

"ஆமா."

"இப்படி எப்படி வாசிக்கிறது?"

"எனக்கும் தெரியல," என்றாள் ஹில்டா. "ஆரம்பிங்க."