சீனித்தாயி நாய் எடுக்கப் போன கதை

கிழக்கே பனங்காடு, மேற்கே கரிசக்காடு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊர் இருந்துச்சு. அந்த ஊர்ல சீனித்தாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்லை, பிள்ளை இல்லை, ஏழு வெள்ளாடும் அதுங்க போட்ட ஏழு குட்டியும்தான் அவளுக்கு எல்லாம். காலையில குட்டிகளை ஒரு பெரிய கூடைய வச்சுக் கவுத்து மூடுவா, அதுக்குக் கொடாப்புன்னு பேரு, அதுமேல ஒரு கல்லையும் தூக்கி வச்சிட்டுத் தாய் ஆடுகளை மேய்க்க ஓட்டிட்டுப் போவா.

அப்படி இருக்கையில ஒருநாள் வந்து பாத்தா கல்லு கீழ கெடக்கு, ஒரு குட்டியைக் காணோம். மறுவாரம் இன்னொண்ணு. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. தாய் ஆடுங்க கத்துற கத்தலைக் கேட்டு அவளுக்குச் சோறு எறங்கலை. மிச்ச குட்டியும் போயிட்டா அவ எதை வச்சுப் பொழைப்பா, நீங்களே சொல்லுங்க.

ஒரு நாய் வளத்தா என்னன்னு அப்பத்தான் தோணுச்சு. ஆனா அவ நாய் வளத்ததே கெடையாது. அதுக்கு யாரு கஞ்சி ஊத்துறது, கோழியக் கடிச்சா என்ன செய்யறது, எந்தக் குட்டிய எடுக்கறதுன்னு தனியாப் பொலம்பிக்கிட்டே வேலிக்கு முள்ளு வெட்டினா. வேலிக்கு அந்தப் பக்கம் குட்டி தின்ன நரி படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுருச்சு.

உடனே நரி என்ன செஞ்சுச்சு, சாம்பல்ல பொரண்டு எந்திரிச்சு, யாரோ காயப்போட்ட காவித் துணிய எடுத்துத் தலையோட போத்திக்கிட்டு, சாமியாராட்டம் வாசல்ல வந்து நின்னுச்சு. மூஞ்சி தெரியாதான்னு கேக்காதீங்க. சாம்பலும் காவியும் இருந்தா மூஞ்சிய யாரு உத்துப் பாக்குறா?

"மகளே, நாய் வேண்டாம், உன் கஞ்சியில பாதியக் குடிச்சிரும்"னுச்சு. சரி சாமின்னுட்டா. மறுநாளே ஒரு குட்டி போச்சு. அப்புறமும் வந்து, நாய் வேண்டாம், குட்டிய எடுக்கறது காட்டுத் தெய்வம், அது கோவிச்சுக்கும்னுச்சு. அதுக்கும் சரின்னுட்டா. மறுநாள் இன்னொரு குட்டி போச்சு. மூணாந்தரம் நரி வந்தப்ப சீனித்தாயிக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"தெய்வம் கோவிச்சாக் கோவிச்சுட்டுப் போகட்டும் சாமி. எங்கிட்ட இருக்கிறது ரெண்டே குட்டி. நான் நாய் எடுக்கத்தான் போறேன்."

நரி எச்சிய முழுங்கிக்கிட்டு, "சரி போ. ஆனா மொத மொதல்ல வளக்குற நாயப் பாத்து எடுக்கணும். கொரைக்கிறது ஆகாது, ஓடுறது ஆகாது, மூலையில தூங்குது பாரு, அதுதான் ராசி"ன்னு சொல்லி, அவ முந்தானைய நல்லாத் தடவி ஆசீர்வாதம் வேற பண்ணிவிட்டுச்சு.

அவ ரெண்டு குட்டியவும் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, கரிசக்காட்டுல ஆட்டுக்கிடை போட்டிருந்த அழகுக் கோனார்கிட்டப் போனா. அவரு நாய் மூணு குட்டி போட்டிருந்துச்சு. ஒண்ணு மூலையில தூங்குது. ஒண்ணு ஓடி விளையாடுது. மூணாவது ஒரு நோஞ்சான் பொட்டைக்குட்டி. தூங்குற குட்டிய எடுக்கலாம்னு இவ குனிஞ்சா பாருங்க, அந்த நோஞ்சான் ஓடிவந்து அவ முந்தானைய மோந்துச்சு, முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு, உர்ருன்னு உறுமி முந்தானையக் கடிச்சு இழுக்குது, விடவே மாட்டேங்குது.

கோனாரும் முந்தானைய மோந்து பாத்துட்டு, "தாயி, இதுல நரி வாடை அடிக்குதே. எதுவும் வந்து தொட்டுச்சா?"ன்னாரு.

ஒண்ணும் தொடலையே அண்ணே, ஒரு சாமியாருதான் தொட்டாருன்னு சொல்ல வாயெடுத்தவ அப்படியே நின்னுட்டா. மொதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க கோவம்.

"இந்தக் குட்டியவே குடுங்கண்ணே."

"அது பொட்டை தாயி, யாரும் எடுக்க மாட்டாங்களே."

"நானுந்தான் பொட்டச்சி. ஏழு ஆட்டை ஒத்தையில மேய்க்கலையா? இதோட தாயையும் ஒரு நாளைக்கு எங்கூட அனுப்புங்க."

மறுநாள் காலையில நரி காவியும் சாம்பலுமா வந்து, நாய் வந்துருச்சா மகளேன்னு கேட்டுச்சு. வந்துருச்சு சாமி, நீங்க சொன்ன மாதிரியே தூங்குறதாப் பாத்து எடுத்தேன், ஆட்டுக்குட்டிங்களோட கொடாப்புக்குள்ள படுத்திருக்கு, நான் ஆட்டை ஓட்டிட்டுப் போறேன், நீங்களே தெறந்து ஆசீர்வாதம் பண்ணிருங்கன்னு சொல்லிட்டு நடையக் கட்டினா. தெருமுனையில மறைஞ்சு நின்னுக்கிட்டா, அது வேற விசயம்.

நரிக்கு எச்சி ஊறுது. ஒரு தள்ளு தள்ளுச்சு, கல்லு அசைஞ்சுச்சு. ரெண்டாந் தள்ளுக்குக் கல்லு உருண்டுச்சு. மூணாந் தள்ளுக்குக் கூடை தூக்குச்சு, நரி தலைய உள்ள விட்டுச்சு. உள்ள ஆட்டுக்குட்டியா இருந்துச்சு? நோஞ்சானோட தாய், கோனாரோட கெடைநாயில்ல இருந்துச்சு. காவி ஒரு பக்கம் பறக்க, சாம்பல் ஒரு பக்கம் பறக்க, நரி ஊளைவிட்டுக்கிட்டுக் காட்டைப் பாத்து ஓடுச்சு. வாலு மட்டும் நாய் வாயிலயே நின்னுபோச்சு. நம்ம நோஞ்சான் குட்டியும் தத்தக்கா பித்தக்கான்னு பின்னாலயே கொரைச்சுக்கிட்டு ஓடுச்சு. சீனித்தாயி சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அதனால, நாய் வளக்கலாமா, எந்த நாய வளக்கலாம்னு யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. நாயக் கண்டா ஓடுறவங்கிட்ட மட்டும் கேக்காதீங்க. கதையும் ஆச்சு, என் வாயும் வறண்டு போச்சு, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க.