நாலு வளையல் துண்டும் பதினோரு மணி பஸ்ஸும்

"எனக்குத் தீட்சை கொடுத்துடுங்கம்மா. இன்னிக்கே. பதினோரு மணிக்குள்ள" என்றாள் தவமணி.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தீட்சைக்கு நல்ல நேரம் பார்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன். பஸ் நேரம் பார்க்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன், அக்கா."

தவமணிக்கு வயது ஐம்பத்து நாலு. குருவான அம்மாவுக்கு நாற்பத்தொன்று. அதனால்தான் அந்த அக்கா. ஆற்றங்கரை மடத்தில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை.

"பஸ்ஸில யாரு வர்றாங்க?"

தவமணி வாயைத் திறக்கவில்லை. அடுப்படியிலிருந்து பஞ்சவர்ணம் திறந்தாள். மடத்தில் சமையல் அவள் பொறுப்பு. செய்தியும் அவள் பொறுப்புதான்.

"வெள்ளியங்கிரிம்மா! தையல் மிஷின் ரிப்பேர் பண்றவரு. அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்கிறாரு."

அவர் முதல்முறை கேட்ட வாரமே தவமணி பெட்டியோடு மடத்துக்கு வந்துவிட்டாள். மூன்று வருடமாகிறது. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவள் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

தவமணி தையல்காரி. ஒரு ரவிக்கை தைக்க அவளுக்கு மூன்று மணி நேரம் போதும்.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது, இன்றைய தேதியைக் குறிப்பிட்டு. 'பதினோரு மணி பஸ்ஸில் வருவேன். டிரைவர் டீ குடிக்கிற பத்து நிமிஷம் மடத்து வாசலில் நிற்பேன். வந்தால் சேர்ந்து போவோம். வராவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இனிமேல் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

அம்மா ஒரு முற்றின தண்டை ஒடித்துப் போட்டார்.

"அவரைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன."

"மகன் ஏதாவது சொன்னானா?"

"உங்க இஷ்டம்மான்னுட்டான்."

"ஊரு?"

"ஊரு பூராவுக்கும் ரவிக்கை தைச்சவ நான். யாருக்கு என்ன அளவுன்னு எனக்குத் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்க மாட்டா."

"அப்புறம் என்னக்கா?"

தவமணி கீரையைப் பார்த்தாள்.

"ஒருத்தரைப் பறிகொடுத்தாச்சு. பதினாலு வருஷமாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாதும்மா. இப்படியே உங்க காலடியில இருந்துடறேன். தீட்சை வாங்கிட்டேன்னு சொன்னா அவரும் புரிஞ்சுக்குவாரு."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"தாயம் ஆடத் தெரியுமா?"

"என்னது?"

"ஒரு ஆட்டம். உங்க காய் எல்லாம் பழமாச்சுன்னா தீட்சை."

பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நானும்!"

சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். மடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தியானத்துக்கு மணி அடித்தால் இவ்வளவு வேகமாக ஒருவரும் வந்ததில்லை.

ஆளுக்கு நாலு காய். அம்மாவுக்குப் புளியங்கொட்டை. பஞ்சவர்ணத்துக்கு மொச்சைக்கொட்டை. தவமணி தன் தையல் பெட்டியிலிருந்து நாலு சிவப்பு வளையல் துண்டு எடுத்துவந்தாள். அவை ஏன் அங்கே இருந்தன என்று யாரும் கேட்கவில்லை.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாயம் விழுந்தால் காய் இறங்கும். வெளிச்சுற்று முடிந்து உள்ளே போய், நடுக்கட்டத்தை அடைந்த காய் பழம். வழியில் எதிராளியின் காய் அதே கட்டத்தில் வந்து நின்றால் வெட்டுப்பட்டு மறுபடி முதலிலிருந்து. குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில் நிற்கிற காயை மட்டும் யாரும் தொட முடியாது.

பிடிக்காத எண் விழுந்தால் நகராமல் கட்டையைக் கொடுத்துவிடலாம். இது மடத்து விதி.

இன்னொன்று. ஒரு காயையாவது வெட்டாதவருக்கு உள்ளே போக வழி இல்லை; வெளிச்சுற்றிலேயே மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

தவமணி இரண்டு பித்தளைக் கட்டைகளையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினாள்.

"தாயம்!" என்று கூடமே கத்தியது.

முதல் உருட்டலிலேயே. தவமணியின் முகம் சிவந்துபோனது.

அம்மாவுக்கு ஏழாவது உருட்டலில்தான் தாயம் விழுந்தது. இறங்கின காயைப் பஞ்சவர்ணம் அடுத்த நொடியே வெட்டினாள்.

"ஏய், குருவை வெட்டறே!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"குருவாவது கருவேப்பிலையாவது. கட்டத்துல வந்தா வெட்டுத்தான்."

அம்மா சிரித்துக்கொண்டே கட்டையை வாங்கினார். மறுபடி தாயத்துக்கு உருட்டினார். விழுந்தது. இறங்கினார். பஞ்சவர்ணத்தைத் துரத்திப் பிடித்து வெட்டினார். எழுந்து நின்று கை தட்டிக்கொண்டார். மறு சுற்றில் பஞ்சவர்ணம் திருப்பி வெட்டினாள்.

"அழுகுணி! நீ அஞ்சு கட்டம் எண்ணலை, ஆறு எண்ணினே!"

"எண்ணிப் பாருங்க! எண்ணிப் பாருங்கம்மா!"

எண்ணினார்கள். ஐந்துதான். அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். தரிசனத்துக்கு யாராவது புதிதாக வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள்.

தவமணி ஆடினது வேறு மாதிரி. குறுக்குக்கோட்டிலிருந்து குறுக்குக்கோட்டுக்குப் போக எண் விழுந்தால் நகர்ந்தாள். இல்லாவிட்டால் கட்டையைக் கொடுத்துவிட்டாள். ஒரு துண்டுகூட வெட்டவெளியில் நின்றதில்லை. ஒரு தடவைகூட வெட்டுப்பட்டதில்லை.

பஞ்சவர்ணத்தின் காய் நேர் எதிரே நின்றபோதும் வெட்டவில்லை.

"ஏனக்கா விட்டீங்க?"

"பாவம், காலையிலேர்ந்து அடுப்புல வெந்துட்டிருக்கே."

"என்னைப் பாவம்னு சொல்ல நீங்க யாரு? ஆடுறதுன்னா ஆடுங்க!"

பத்தே முக்கால் மணிக்குப் பஞ்சவர்ணத்தின் நாலு காயும் பழமாகிவிட்டன. அவள் ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாட்டாமை செய்ய ஆரம்பித்தாள். அம்மாவுக்கு மூன்று பழம். ஒரே ஒரு புளியங்கொட்டை வெளியே.

தவமணியின் நாலு வளையல் துண்டும் வெளிச்சுற்றின் கடைசிக் குறுக்குக்கோட்டில் பத்திரமாகக் குவிந்திருந்தன. அடுத்த கட்டம் உள்ளே போகிற வாசல்.

அவள் உருட்டினாள். காயை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.

"வெட்டினீங்களா?" என்றார் அம்மா.

"இல்லை."

"அப்ப உள்ளே போகாது."

தவமணி காயை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நீங்க அஞ்சு தடவை வெட்டுப்பட்டீங்களேம்மா. சலிப்பா இல்லையா?"

அம்மா உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு! ...என்ன கேட்டீங்க?"



அம்மாவுக்கு உள்ளே போகிற வழி திறந்திருந்தது. போகவில்லை. புளியங்கொட்டையை வெளிச்சுற்றிலேயே நகர்த்தி, தவமணிக்கு மூன்று கட்டம் முன்னால், குறுக்குக்கோடு இல்லாத கட்டத்தில் வைத்தார்.

தவமணி உருட்டினாள்.

மூன்று.

கூடம் 'ஓ' என்று எழுந்தது. "வெட்டுங்கக்கா! வெட்டு! வெட்டு!"

தவமணி கட்டையை அம்மாவிடம் நீட்டினாள்.

"வேண்டாம்."

பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்?" என்றார் அம்மா.

"நீங்க குரு. உங்க காயை நான் எப்படி வெட்டுவேன்? பாவமில்லையா?"

அம்மா தன் காயை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

"...புளியங்கொட்டை."

"என் மேல மரியாதையா?"

"ஆமா."

"பஞ்சவர்ணத்துக்கு இல்லையா?"

"தினமும் முதல் தோசை அம்மாவுக்குத்தான்!" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. உடனே அடுத்ததும் வந்தது. "பஸ்ஸு!"

ஹார்ன் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தவமணி நிமிரவில்லை.

அம்மா உருட்டினார். இரண்டு. இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். இப்போது தவமணியிலிருந்து சரியாக ஐந்தாவது கட்டம். இதற்கும் குறுக்குக்கோடு கிடையாது.

"இறங்கிட்டாரு" என்றாள் பஞ்சவர்ணம். "வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டிருக்காரு, முதுகுப் பக்கம் கசங்கிடுச்சு. வேப்பமரத்துக்கிட்ட நிக்கிறாரு. டிரைவர் டீக்கடைக்குப் போறாரு."

தவமணி உருட்டினாள். இரண்டு. கட்டையைக் கொடுத்தாள்.

அம்மா உருட்டினார். என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

"நான் நகரலை. உங்க ஆட்டம்."

தவமணி உருட்டினாள். நான்கு.

"நகரலை. உங்க ஆட்டம்" என்றார் அம்மா மறுபடியும்.

"வாட்ச் பார்க்கிறாரு. கையில என்னமோ வெச்சிருக்காரு. குடை!"

இந்தப் பக்கத்து வெயிலுக்குக் குடை வேண்டியதுதான். தவமணி கட்டையை உருட்டாமல் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தீட்சைக்கு ஒரே ஒரு வெட்டுத்தான் பாக்கி" என்றார் அம்மா.

"எனக்கு வேண்டாம்மா. நான் இந்தக் கோட்டு மேலயே இருந்துக்கிறேன்."

"இருங்க."

"இருக்கலாமில்ல?"

"தாராளமா. யாரும் தொட மாட்டாங்க."

தவமணி தன் நாலு வளையல் துண்டுகளையும் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறாள். சுற்றிலும் சாக்பீஸ் கட்டங்கள் தேய்ந்து, அழிந்து, கால்பட்டுக் கலங்கிக் கிடந்தன. அவளுடைய காய்கள் மட்டும் கழுவிவைத்த மாதிரி இருந்தன.

"அடேயப்பா" என்றாள் பஞ்சவர்ணம்.

"என்ன?"

"ஒரு குடை இல்லைக்கா. ரெண்டு."



"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு குடை?" என்றாள் பஞ்சவர்ணம், வெளியே பார்த்தபடியே. "ஒண்ணு கறுப்பு. ஒண்ணு பூப்போட்டது. விலைச்சீட்டுகூடப் பிய்க்கலை, காத்துல ஆடுது."

தவமணி உருட்டினாள்.

நான்கு.

"சே!" என்றாள் தவமணி.

மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் மடத்தில் கேட்டதில்லை.

"நகரலை. உங்க ஆட்டம்!" அம்மா கட்டையை அவளிடமே தள்ளினார்.

ஆறு. மறுபடி போடலாம். மூன்று.

"ஐயோ! டிரைவர் கிளாஸை வெச்சுட்டாரு!"

"நகரலை!"

"கொடுங்கம்மா, சீக்கிரம் கொடுங்க!"

தவமணி முழங்காலில் எழுந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை முடிய நேரமில்லை. கட்டை இரண்டையும் கைக்குள் குலுக்கினாள். வெளியே இன்ஜின் உறுமியது.

"அஞ்சு" என்றாள்.

"அஞ்சு!" என்றது கூடம்.

உருட்டினாள். ஒரு கட்டை உடனே நின்றது. இரண்டு. இன்னொன்று தரையில் ஓடி, அம்மாவின் முழங்காலில் மோதி, புரண்டு, புரண்டு, விழுந்தது.

மூன்று.

எல்லோரும் தவமணியின் கையைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு வளையல் துண்டை எடுத்தாள். குறுக்குக்கோட்டை விட்டு வெளியே வைத்தாள்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

நாலாவது கட்டத்தில் காயை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோற்கப்போகிற ஆட்டக்காரியின் ஆத்திரத்தோடு.

"அஞ்சு! வெட்டு!"

அந்தக் கத்தலில் ஜன்னல் மேடையில் இருந்த பஞ்சவர்ணம் துள்ளிவிட்டாள். புளியங்கொட்டை பறந்துபோய்ச் சுவரில் அடித்து, பாய்களுக்கு அடியில் எங்கோ ஓடி மறைந்தது.

கூடமே கூத்தாடியது. கை தட்டினார்கள். ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினார்.

"இனிமே உள்ளே போலாம்கா!" என்று பஞ்சவர்ணம் குதித்து இறங்கினாள். "வெட்டினதுக்கு இன்னொரு ஆட்டம் உண்டு! போடுங்க! நாலும் பழம், அப்புறம் தீட்சை! அக்கா? அக்கா!"

கட்டை தரையில் கிடந்தது. வளையல் துண்டுகள் தரையில் கிடந்தன. வாசலில் தவமணியின் செருப்பும் கிடந்தது.

பஞ்சவர்ணம் ஜன்னலுக்குத் திரும்ப ஓடினாள்.

"பஸ்ஸு கிளம்பிடுச்சு! ஓடறாங்க! ஏ டிரைவரு! நிறுத்துய்யா! அவரு படியில நின்னு குடையை ஆட்டறாரு... நின்னுடுச்சு! நின்னுடுச்சும்மா!"

பிறகு மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணவில்லை. பாய்களுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்னம்மா பண்றீங்க?"

அம்மா தலைமுடியெல்லாம் தூசியாக வெளியே வந்தார். கையில் புளியங்கொட்டை.

"அக்கா போயிட்டாங்கம்மா" என்றாள் பஞ்சவர்ணம்.

அம்மா புளியங்கொட்டையை ஊதித் துடைத்தார். கட்டத்துக்கு வெளியே, ஆட்டம் தொடங்குகிற இடத்தில் வைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறே? கட்டையை எடு. எனக்கு மறுபடி தாயம் விழணும்."