விசாகன் நின்ற இடம்

"வண்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க அம்மணி."

"நீங்க அதுகிட்ட என்னண்ணா சொன்னீங்க?"

சென்னியப்பன் வாயால் பதில் சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினான்.

'ப்ராஆஆங்!' என்றது வண்டி. கூரைத் தகரம் உதறியது. பக்கத்துப் பட்டறைக்காரர் டீயை மடியில் ஊற்றிக்கொண்டு வண்டியின் பரம்பரையையே விசாரித்தார்.

"நீங்க கத்துனீங்க. அதுவும் திருப்பிக் கத்துச்சு," என்றாள் ரோஸ்லின். "இதுல பேச்சு எங்கீங்கண்ணா இருக்குது?"

சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

கணபதி ஊர்ப் பட்டறையில் ஒரு ஆள் இருக்கிறது, எப்பேர்ப்பட்ட வண்டியையும் சாதுவாக்கிவிடும் என்று கேள்விப்பட்டுத்தான் சென்னியப்பன் வந்தான். ஆள் என்றால் வெள்ளைத் தாடி, சுருட்டு, சிவந்த கண் என்று வழியெல்லாம் கற்பனை. வந்து பார்த்தால் இருபத்தேழு வயசுப் பெண். கொண்டையில் பென்சில். முழங்கை வரை கிரீஸ்.

இவனுக்கு நாற்பத்தொன்று. பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

திரும்பவில்லை. திரும்ப முடியாத நிலைமை.

வண்டி, பாறை ஏறுகிற பந்தயத்துக்கென்றே செய்தது. சீட்டே கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். எடை எழுபது கிலோகூட இல்லை. இஞ்சின் முந்நூறு சிசி. ஆட்டுக்குட்டிக்குள் காளையை அடைத்த மாதிரி.

அந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு மரியாதை இல்லை. பாறைகள் மேல் கால் ஊன்றாமல் ஏறிப் போக வேண்டும். கால் ஒரு தடவை பட்டால் ஒரு புள்ளி. வண்டி நின்றாலும் விழுந்தாலும் ஐந்து. யாருக்குப் புள்ளி குறைவோ அவனுக்குக் கோப்பை.

போன வருஷம் மதுக்கரைப் பக்கத்து ஓடையில், கடைசிப் பாறையில், சென்னியப்பன் முறுக்கிய முறுக்கில் வண்டி அவனை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்தது. பறந்து போய், கீழே நின்ற மைத்துனன் விசாகன் மேல் இறங்கியது.

விசாகன் அங்கே வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. பெரிய பாறை என்றால் வண்டியைத் தாங்கிப் பிடிக்க ஒருத்தன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏற விடமாட்டார்கள். அது விதி.

இடது பாதத்தில் மூன்று எலும்பு. இன்னமும் நொண்டுகிறான்.

"அஞ்ச்ச்ச்சு!" என்று நடுவர் விரலை விரித்ததுதான் அவனுக்கு எலும்பைவிட வலித்தது. "இங்க ஒருத்தன் காலு போச்சேன்னு கத்தறான். அந்தாளு புள்ளி போடறான் மாமா!"

இந்த வருஷம் தாங்க வேறு யாரும் வரவில்லை. கேட்ட ஆளுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்துக் கல்யாணம் இருந்தது. கடைசியில் விசாகனே வந்தான்.

"நிக்கறேன் மாமா. ஆனா இன்னொருக்கா எம்மேல வந்துச்சுன்னா வண்டி வீட்டுல இருக்காது. நான் சொல்லல. அக்கா சொல்லுது."

"அக்கா வேற என்ன மாப்ள சொல்லுச்சு?"

"வேறயும் சொல்லுச்சு. அத நான் சொல்ல மாட்டேன்."

பந்தயத்துக்கு நாற்பது நாள் இருந்தது.

*

மறுநாள் ரோஸ்லின் பட்டறையைத் திறக்க வந்தபோது சென்னியப்பன் ஷட்டரில் சாய்ந்து நின்றான். போன வருஷக் கதை முழுவதையும் சொல்லி முடித்தான்.

"அடக்கித் தர்ற வரைக்கும் நான் போறதா இல்லீங்க அம்மணி."

அவள் பூட்டைத் திறந்தபடியே கேட்டாள். "வண்டி ஏத்தறதுக்கு முன்னால அந்தப் பாறைய நடந்து பாத்தீங்களா?"

"பாக்காமயா? எல்லாரும் ஒருக்கா நடப்பாங்க. நான் ரெண்டு தடவ நடந்தனுங்க."

"பாசி எந்தப் பக்கம்?"

"வலது."

"உச்சி எத்தன அடி?"

"நாலரை." பதில் துள்ளிக்கொண்டு வந்தது.

"விசாகண்ணன் எங்க நின்னாரு?"

சென்னியப்பன் கையைப் பொதுவாக வீசிக் காட்டினான்.

"கீழதான்... எங்கியோ நின்னான்."

ரோஸ்லின் ஸ்பேனரை எடுத்து இஞ்சினின் பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு சக்கரம். ஃப்ளைவீல். விரலால் சுண்டினாள். விர்ரென்று சுற்றியது.

"ரொம்ப லேசா இருக்குதே."

"நானே கடைஞ்சு லேசாக்குனனுங்க!" மார்பு நிமிர்ந்தது. "நூத்தம்பது கிராம் எடுத்துட்டேன். தொட்டா பாயும்!"

"தொட்டா பாயுது. விசாகண்ணன் மேல."

நிமிர்ந்த மார்பு பழைய இடத்துக்கு வந்தது.

"கனம் ஏத்தணும்ணா. கனமிருந்தாத்தான் வண்டி பாயாது, மெதுவாப் போனாலும் அணையாது. ஒரு பித்தளை வளையம் வார்த்து இதோட சேர்த்து முடுக்கணும். வீட்டுல கனமான பித்தளைச் சாமான் இருந்தா கொண்டாங்க."

கனம் ஏற்றுவதா! பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே சோற்றை நிறுத்துகிறவன் அவன். சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டு வண்டி ஏறுகிறவன்.

"பித்தளை கடையில கெடைக்காதுங்களா?"

"கெடைக்குமே," என்றாள் ரோஸ்லின். அதோடு சரி.

*

முதலில் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் தட்டினாள். 'டொங்ங்ங்.'

"யாருதுங்கண்ணா?"

"வீட்டுக்காரியோடது."

"எடுத்த எடத்துல வெச்சிருங்க. ஏற்கனவே அவங்க தம்பி காலு போயிருக்குது."

அடுத்த நாள் பூஜை மணி வந்தது. 'கிணிங்.'

"இது?"

"எங்க அம்மாவோடது."

"உங்களுதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

இருந்தது.

டிவிக்கு மேலே இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நேர்ப்பாதைப் பந்தயத்தில், நானூறு மீட்டரைப் பன்னிரண்டு செகண்டில் கிழித்ததற்குக் கொடுத்த கோப்பை. அடிப்பாகம் கெட்டிப் பித்தளை. 'அதிவேக வீரர் சென்னியப்பன்' என்று பேர் வெட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு அவனே தேய்ப்பான். வேறு யார் தொட்டாலும் சத்தம் போடுவான்.

மூன்று நாள் அவன் பட்டறைப் பக்கம் வரவில்லை.

நான்காம் நாள் துண்டில் சுற்றி எடுத்து வந்தான்.

ரோஸ்லின் துண்டைப் பிரித்தாள். எழுத்துக்களைப் படித்தாள். அவனைப் பார்த்தாள்.

"உருக்குங்க," என்றான். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

சொன்னானே தவிர, திரும்பவில்லை. பின்பக்க வார்ப்பட உலையில் முதலில் 'அதிவேக' கரைந்தது. பிறகு 'வீரர்.' அவன் பேர் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு அதுவும் போனது.

வளையத்தை லேத்தில் ஏற்றிக் கடைந்தாள். 'ஸ்ஸ்ரீரீ' என்று பொன்னிறச் சுருள் சுருளாக விழுந்தது. நானூற்று இருபது கிராம்.

அதோடும் விடவில்லை. முன்பு கால் திருப்பில் பாய்ந்த ஆக்ஸிலேட்டரை, முக்கால் திருப்பினால்தான் அசைகிற மாதிரி மாற்றினாள். பின்சக்கரத்தில் காற்றை இறக்கினாள். டயர் இட்லி மாவு மாதிரி அமுங்கியது.

"ஏனுங்க அம்மணி, இத வண்டின்னே சொல்ல விடமாட்டீங்களா?"

"விசாகண்ணனக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

*

விசாகன் வந்தான். பட்டறைக்குப் பின்னால் காலி மனை.

"நீங்க முன்னால நடங்கண்ணா," என்றாள் அவனிடம். சென்னியப்பனிடம், "நீங்க வண்டில அவரு பின்னால. ஒரு முழந்தான் எடவெளி. அவர முந்தக்கூடாது. வண்டியும் நிக்கக்கூடாது, காலும் ஊனக்கூடாது."

"நொண்டறவன் பின்னாலயா?"

"ஏன், பயமா மாமா?" என்றான் விசாகன்.

விசாகனுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. தேர் நகர்வது மாதிரி நடந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே நடந்தான். திடீரென்று ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைக்கலாம் என்று யோசித்தான். பின்னால் வண்டி தள்ளாடியது, சென்னியப்பன் கால் ஊன்றினான்.

"ஒண்ண்ண்ணு!" நடுவர் குரலிலேயே விசாகன் கத்தினான்.

முதல் நாள் நாற்பத்தாறு.

இரண்டாம் நாள் நாற்பத்தொன்பது. வேகம் இருந்தால் விழாமல் இருக்க யாருக்கும் தெரியும். வேகமில்லாமல் விழாமல் இருப்பது சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. முட்டி சிராய்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கையெடுத்துத் துடைக்க முடியாது.

"போதுங்களாண்ணா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"நட மாப்ள," என்றான் சென்னியப்பன்.

பத்தாம் நாள் அவனுக்கு ஒன்று புரிந்தது. விசாகன் இடது காலை எடுப்பதற்கு முன்னால் வலது தோள் கொஞ்சம் இறங்கும். தோள் இறங்கினால் விரல் கிளட்ச்சைத் தொட வேண்டும்.

இருபதாம் நாள், வலி அதிகமானால் விசாகன் ஜோக் அடிப்பான் என்பது புரிந்தது. அன்றைக்கு விசாகன் நிறைய ஜோக் அடித்தான். சென்னியப்பன் சீக்கிரமே வண்டியை நிறுத்திவிட்டான்.

முப்பத்திரண்டாம் நாள் கணக்கு, சைபர்.

*

பந்தயத்தன்று கடைசிப் பாறை வரைக்கும் சென்னியப்பனுக்கு ஒரு புள்ளியும் இல்லை. இன்னொருத்தன் எல்லாப் பாறையையும் முடித்து சைபரோடு உட்கார்ந்திருந்தான். இதையும் காலூன்றாமல் ஏறினால் கோப்பைக்கு இரண்டு பேர்.

நாலரை அடிப் பாறை. வலப்பக்கம் பாசி. விசாகன் போய் நின்றுகொண்டான்.

சென்னியப்பன் மெதுவாக உள்ளே விட்டான்.

'டுக்... டுக்... டுக்...' என்றது வண்டி. பக்கத்து வீட்டுக்கு மோர் வாங்கப் போகிற மாதிரி. கூட்டத்தில் யாரோ, "ஸ்டார்ட்டிங் ட்ரபிளா?" என்றார்கள்.

முன்சக்கரம் பாறையைத் தொட்டது. எழும்பியது. வண்டி செங்குத்தாக நிமிர்ந்தது. பின்சக்கரம் பாசியில் ஒரு விரற்கடை வழுக்கி, இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

போன வருஷத்து இடம்.

போன வருஷத்து மணிக்கட்டும் இருந்தது. முறுக்கு, முறுக்கு என்றது. முறுக்கினால் ஒன்று, உச்சிக்குப் போகும். இல்லையென்றால் போன வருஷம் போன இடத்துக்குப் போகும்.

கீழே, இடப்பக்கம், விசாகனின் வலது தோள் இறங்குவது தெரிந்தது.

சென்னியப்பன் முறுக்கவில்லை. இடது காலை இறக்கிப் பாறையில் வைத்தான்.

'டுக்...' என்றது வண்டி. அணைந்துவிடும் போலிருந்தது. அணையவில்லை. உள்ளே நானூற்று இருபது கிராம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. 'டுக்.' நத்தை மாதிரி நகர்ந்தது. 'டுக்.' உச்சி.

"ஒண்ண்ண்ணு!" என்றார் நடுவர்.

அந்த ஒன்றில் கோப்பை போனது.

*

மறுநாள் பட்டறையில் விசாகன் ஸ்டூல் மேலேயே ஏறி நின்றுகொண்டான்.

"நீ பாத்திருக்கணும் ரோஸ்லினு! நான் அசையல. சிங்கமாட்டம் நின்னேன். வரட்டும் பாக்கலாம்னு!"

"கோப்பை வரலீங்களாண்ணா?" என்று ரோஸ்லின் சென்னியப்பனிடம் கேட்டாள்.

அவன் இஞ்சினின் பக்க மூடியை உள்ளங்கையால் தட்டினான். "ஒண்ணு உள்ள இருக்குதுங்களே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். டயரை அமுக்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு, போகிற போக்கில் கேட்டாள்.

"விசாகண்ணன் எங்க நின்னாரு?"

"எனக்கு இடப்பக்கம். ரெண்டடி கீழ. நல்ல காலு முன்னால, நோவு காலு கல்லுக்குப் பின்னால. ரெண்டு கையும் மேல." சென்னியப்பன் மைத்துனனைப் பார்த்தான். "கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னானுங்க."