ஏழு பிடி அடுப்புக்கரி

பூதன் குரத்தியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஏழு ஊர்களைப் படையோடு போய்ப் பிடித்த பத்தாம் நாள். குன்றின் குகையில் பாடம் சொல்லும் அந்தப் பெண் துறவியிடம்தான் அவன் எழுத்துக் கற்றான். இப்போது அவன் அரசன். காதோரம் நரைத்துவிட்டது.

குரத்தியார் ஓலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வாள் எதற்கு? உள்ளே வௌவால்தான் இருக்கிறது."

பூதன் வாளைக் கழற்றி வெளியே வைத்தான்.

"அம்மா, எல்லைக்கல் நட முடியவில்லை."

"கல் கிடைக்கவில்லையா?"

"கல் வந்துவிட்டது. கரிதான் கிடைக்கவில்லை."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லைக்குள் அடங்கும் ஒவ்வோர் ஊரும் தன் அடுப்பிலிருந்து ஒரு பிடி கரியை மனமொப்பிக் கொண்டுவந்து குழியில் போடும். அதன்மேல்தான் கல்லை நடுவார்கள். கரி மக்காது. கரி இல்லாத கல்லைச் சுற்றியுள்ள எந்த அரசனும் எல்லையென்று ஒப்பமாட்டான்.

"ஊராரைக் கேட்டாயா?"

"கேட்டேன். மிரட்டியும் பார்த்தேன். ஏழு ஊரிலும் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். மூன்று நாளாகப் புகையே இல்லை. குழந்தைகள் ஊறவைத்த அவலைத் தின்கின்றன."

"உன் தளபதி என்ன சொல்கிறான்?"

"நாளைக் காலையில் ஊருக்கு ஒரு தலையை எடுத்தால் கரி தானாக வரும் என்கிறான்."

"நீ?"

"உங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்."

மாணவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பைக் குரத்தியார் காட்டினார்.

"ஏழு பிடி எடுத்துக்கொள்."

பூதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணி எண்ணி அள்ளி, மேல்துண்டில் முடிந்துகொண்டான். குகை வாசல்வரை போனவன் நின்றான்.

"இது அந்த ஊர்க் கரி இல்லையே, அம்மா."

"கரியில் ஊர்ப்பெயரா எழுதியிருக்கிறது? யாருக்குத் தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியுமே. அந்த ஏழு ஊருக்கும் தெரியும்."

"அப்படியானால் கல்லுக்குக் காவல் போடு."

"எவ்வளவு காலம்?"

"நீ இருக்கிறவரை."

"அப்புறம்?"

"உன் மகன் நிற்பான்."

"அவனுக்கு அப்புறம்..."

குரத்தியார் அப்போதுதான் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தார்.

"நீ தூங்கி எத்தனை நாளாயிற்று, பூதா?"

அவன் முடிச்சை அவிழ்த்தான்.

"கரியை அடுப்பிலேயே கொட்டு. மத்தியானக் கஞ்சிக்கு வேண்டும்."

பூதன் சிரித்துவிட்டான். ஆற்றைக் கடந்து போன பிறகு அதுதான் அவன் முதல் சிரிப்பு.

பொழுது சாய்வதற்குள் படை ஏழு ஊர்களையும் விட்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தது. கடைசி ஓடத்தில் வந்த பூதன் திரும்பிப் பார்த்தான். முதலில் ஓர் ஊரில் புகை எழுந்தது. பிறகு அடுத்த ஊரில். ஏழாவது ஊரின் புகையைப் பார்க்க அவன் விழித்திருக்கவில்லை. கரை மணலிலேயே படுத்துத் தூங்கிப்போயிருந்தான்.

அந்த மழைக்காலத்தில் குரத்தியார் இறந்துபோனார். குகையில் அவர் படுத்திருந்த கற்படுக்கை இன்றும் இருக்கிறது.