கரையாத சவுக்காரம்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஆண்ட அரசருக்கு நாளுக்கு மூன்று முறை நீராடாவிட்டால் பொழுது போகாது. ஒரு நாள் குளிக்கும்போது கையிலிருந்த சவுக்காரம் கூழாகி விரலிடுக்கில் வழிந்தது. ஈரத் தலையோடு சபைக்கு வந்துவிட்டார்.

"இதைச் செய்தவன் யார்?"

செய்தவன் விகடகவி மாசிலாமணி. துணி வெளுக்கும் குடும்பத்தில் பிறந்து, வாய்ச் சாமர்த்தியத்தால் சபையில் இடம்பிடித்தவன். சவுக்காரம் காய்ச்சுவதை மட்டும் அவன் விடவில்லை. அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

"அடியேன்தான், மன்னவா."

"தண்ணீரில் கிடந்தாலும் கல்லாக நிற்க வேண்டும், தேய்த்தால் நுரைக்க வேண்டும். ஒரு மண்டலம் தவணை."

மாசிலாமணியைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் வல்லபராயர் எழுந்தார். "அரசர் திருமேனியில் படும் பொருள். எண்ணெய், சாம்பல், தண்ணீர் தவிர நான்காவதாக எதைக் கலந்தாலும் இவனை நாடு கடத்த வேண்டும். அழுக்குத் துணி துவைத்த கைக்கு இது முடியாதா என்ன?"

சபை சிரித்தது. அரசரும் சரியென்று தலையசைத்துவிட்டார். மாசிலாமணிக்குக் காது மடல் சிவந்தது.

வீட்டில் அவன் மனைவி வடிவு தலையில் கை வைத்தாள். "ஒரு பிடி உப்புப் போட்டா இறுகிடும். அதையும் போடக் கூடாதுன்னா எப்படிங்க?"

"போட வேணாம். அந்த ஆளு சொன்னதை அப்படியே செய்வோம்" என்று சொல்லி, இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் சபை நடுவே தண்ணீர்த் தொட்டியில் சவுக்காரத்தைப் போட்டார்கள். உச்சிப்பொழுதில் அரசர் எடுத்துத் தூணில் தட்டினார். 'டக்'கென்றது. தேய்த்தார். முழங்கை வரை நுரை!

வல்லபராயர் பாய்ந்து வாங்கி ஒரு நக்கு நக்கினார். "உப்புக் கரிக்கிறது! நான்காவது பொருள்!" உதட்டோரம் நுரை தள்ளியது.

மாசிலாமணி நிமிர்ந்து நின்றான். "அடியேன் ஒரு கல் உப்பும் போடவில்லை, மன்னவா. தேங்காயெண்ணெய், சாம்பல், தண்ணீர். எந்தத் தண்ணீர் என்று அமைச்சர் சொல்லவில்லை. கடல் தண்ணீரில் சாம்பலை ஊறவைத்து வடித்தேன். உப்புப் போட்டது கடல். நாடு கடத்துவதானால் கடலைக் கடத்துங்கள்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நியாயம்! வல்லபராயரே, தண்டனை கேட்டது நீர். நாளை முதல் கடலை நீரே குடம் குடமாகக் கடத்திவந்து இவன் கொப்பரையில் ஊற்றும்!"

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். "இனி அரண்மனைச் சவுக்காரம் எல்லாம் உன் வீட்டில்தான். கட்டிதோறும் உன் பெயரைப் பொறித்து அனுப்பு."

மறுநாள் விடிந்ததும், மூச்சிரைக்க முதல் குடத்தோடு வாசலில் வந்து நின்றார் அமைச்சர். வடிவு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க சாமி. சிந்தாம ஊத்துங்க."