ஐயாயிரத்துக்கு அடுத்த உடல்

பல வருடங்களாக இந்தக் கதையை நான் நம்பவில்லை. சொன்னவர் எனக்கு உடற்கூறியல் கற்பித்த பேராசிரியர் மாசிலாமணி. இன்று அதே கல்லூரியில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். இப்போதாவது நம்புகிறேனா? தெரியவில்லை.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிராக் நகரத்தில் ஹவ்ரானெக் என்றொரு செக் மருத்துவர் இருந்தாராம். நோயின் காரணம் தேடி ஐயாயிரம் சடலங்களை அறுத்தவர். குடலுக்குப் பின்னால் நூலளவுத் தசை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவரை எல்லோரும் வலப்பக்கமிருந்தே திறந்தார்கள்; முதல் வெட்டிலேயே அது அறுந்துபோகும். அவர் இடப்பக்கமிருந்து திறந்தார். ‘எல்லோருக்கும் உண்டு’ என்று தன் புத்தகத்தில் எழுதினார். தசைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

தனக்குக் காசநோய் முற்றியபோது ஹவ்ரானெக் தன் மாணவன் வோய்தெக்கை அழைத்தார்.

“என்னை நீதான் அறுக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும்.”

“என்னால் ஆகாது, ஐயா.”

“தவளையைத் திறந்ததற்கே மயங்கி விழுந்தவனாயிற்றே நீ!”

வோய்தெக் சிரிக்கவில்லை. “உங்களிடம் அந்தத் தசை இல்லாமல் போனால்?”

“இல்லையென்று எழுது.”

“உங்கள் பெயர் போய்விடும். வலப்பக்கமிருந்து திறந்துவிடுகிறேன். இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.”

ஹவ்ரானெக் இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

“ஐயாயிரம் பேர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் மட்டும் மறைக்கவா?”

ஒரு மாதம் கழித்து அவர் இறந்ததும், நிறைந்த மண்டபத்தில் வோய்தெக் அவர் உடலை இடப்பக்கமிருந்து திறந்தான். குடலை மெல்ல ஒதுக்கினான். நெடுநேரம் பார்த்தான்.

“இல்லை” என்றான்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘பெரும்பாலோருக்கு’ என்று அவனே திருத்தினான்.

கண்டுபிடித்தவனிடமே இல்லையாம். இவ்வளவு கச்சிதமாக எதுவும் நடக்குமா? இதுதான் என் சந்தேகம்.

போன மாதம் மாசிலாமணி சாரைப் பார்க்கப் போனேன். எண்பத்தாறு வயது. தன் உடலைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நான்தான் அறுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

“சார், உங்ககிட்ட அது இருக்கா?”

அவர் என் கைகளைப் பார்த்தார்.

“நீ எந்தப் பக்கமிருந்து திறக்கப்போறே?”