குடம் எட்டாத ஐந்து செடிகள்

மழை ஏய்க்கும் ஊராகப் பார்த்துத்தான் அந்த ஆராய்ச்சிப் பண்ணையை வைத்திருந்தார்கள். வறட்சியைத் தாங்குகிற கம்பு வேண்டுமென்றால் காயப்போட்டுப் பார்க்காமல் வேறு வழி ஏது?

பண்ணையின் தலைவி வேதவல்லி. அவரிடம் பயிரில் புது ரகம் உருவாக்கும் வித்தை கற்க வந்தவர் அழகுமலை. மாணவருக்கு ஆசிரியையைவிட நான்கு வயது கூடுதல். சோதனை வயலில் பதினேழாம் வரிசை அவருடைய ரகம், ஏழு வருட உழைப்பு. இந்த முறையும் தேறாவிட்டால் அதைக் கைவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அந்த வயலுக்குச் சட்டம் ஒன்றுதான். முளைக்க ஒரு தண்ணீர். அதற்குப் பிறகு சொட்டுகூடக் கிடையாது.

வானமும் கைவிரித்துவிட்டது. பூக்கும் நேரத்தில் இலைகள் சுருண்டன. அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளை தாகத்தில் வாடும்போது சட்டமாவது ஒன்றாவது! ஆட்கள் வருமுன், விடியற்காலையில் குடம் குடமாகச் சுமந்து வரிசையை நனைத்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசி ஐந்து செடிகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

அறுவடையன்று, வேறு மகரந்தம் கலக்காமலிருக்கக் கதிர்களுக்குப் போட்டிருந்த காகித உறைகளைக் கழற்றினார்கள். பதினேழாம் வரிசையில் சாணுக்கு மேல் நாலு விரல் நீளத்துக்குக் கதிர்கள். அழகுமலை நெஞ்சை நிமிர்த்தினார்.

"மேடம், இனி விவசாயிங்க கையில கொடுத்துரலாம்ல?"

வேதவல்லி மண்ணைப் பார்த்தார். பதினாறாம் வரிசையில் குந்தினார். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை போயிற்று. பதினேழாம் வரிசைக்கு நகர்ந்தார். அங்கே விரல்கூட நுழையவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். அழகுமலைக்கு முகம் செத்துவிட்டது.

வேதவல்லி வரிசையின் கடைசிக்கு நடந்தார். அங்கே மறுபடியும் கை மணிக்கட்டுவரை போயிற்று.

"அதுக சவலைங்க மேடம். பிடுங்கிப் போட்டுரலாம்னு இருந்தேன்."

வேதவல்லி பதினாறாம் வரிசையில், வேறு ரகத்தின் ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பதராகப் பறந்தது. அந்தச் சவலைகளில் ஒன்றை ஒடித்துக் கசக்கி ஊதினார். முக்கால் சாண் கதிர்தான். உள்ளங்கை நிறைய மணி நின்றது.

பிறகு பதினேழாம் வரிசையை அறுத்து இரண்டாகக் கட்டினார். பெரிய கதிர்கள் ஒரு சாக்கில், ஐந்து செடியின் கதிர்கள் ஒரு சிறிய துணிப்பையில்.

அழகுமலையின் குரல் இறங்கியிருந்தது. "அப்ப, ஏழு வருசமும் போச்சா மேடம்?"

வேதவல்லி தண்ணீர்த் தொட்டிக்குப் போய், அங்கிருந்த குடத்தைத் தூக்கிவந்து சாக்கின்மேல் வைத்தார்.

"இதை யாருக்குக் கொடுத்தாலும் இந்தக் குடத்தையும் சேர்த்துக் கொடுக்கணும். சுமக்க உங்களையும் கூட அனுப்பணும்."

அழகுமலை தலையைக் குனிந்தார். குனிந்த தலைக்குக் கீழே துணிப்பை நீண்டது.

"உங்க ரகம் இதுதான் சார். அடுத்த விதைப்புக்குப் பத்திரமா வைங்க. இதுக்குக் குடமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."